சீஸ் பன், சீஸ் பிரெட், சீஸ் ஸ்ட்ரா: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அக்கா, பன்னுக்குள் வைக்கும் சீஸ் ஒவ்வொரு முறையும் வெடித்து வழிந்துவிடுகிறது. உள்ளே பொந்துதான் மிச்சம்.

சீஸில் இருக்கும் ஈரம் ஓவன் சூட்டில் ஆவியாகி வெளியே வர வழி தேடும், ஒட்டு எங்கே லேசாக இருக்கிறதோ அங்கே பிளந்துவிடும். துண்டுகளை 1 செ.மீ. அளவில் வெட்டி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். விரலில் சீஸின் பிசுக்கு இருந்தால் மாவு ஒட்டவே ஒட்டாது, அதனால் கையைத் துடைத்துவிட்டு மூடி, மூடிய பக்கம் தட்டில் அடியில் இருக்கும்படி வையுங்கள். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா இதற்கு வேண்டாம், ஈரம் குறைந்த கட்டி மொசரெல்லா போதும். பொந்து விழாமல் இருக்க வேண்டுமென்றால் பிராசஸ்டு சீஸ்தான் நல்லது. அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும்.

துருவிய செடார் சேர்த்துப் பிசைந்தால் பிரெட் சரியாக எழும்பவில்லை, உப்பும் கரிக்கிறது.

இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அரை கிலோ மைதாவுக்கு வழக்கமாக 10 கிராம் உப்பு போடுவோம், ஆனால் 150 கிராம் செடாரிலேயே சுமார் 3 கிராம் உப்பு வந்துவிடும், அப்போது 7 கிராம் போதும். உப்பு கூடினால் ஈஸ்ட் மந்தமாகும். அப்புறம், சீஸை முதலிலேயே கொட்டாதீர்கள், கொழுப்பு மாவில் படிந்து இழுவை வராமல் தடுக்கும். மாவு நன்றாக மிருதுவாகி இழுபட்ட பிறகு கடைசியில் சேர்த்து மடியுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், மாவு இரண்டு மடங்காக உப்பும்வரை காத்திருங்கள்.

துருவியே பாக்கெட்டில் வரும் சீஸ் போடலாமா?

மாவுக்குள் போடத் தாராளமாகப் போடலாம். மேலே உருகி வழிய வேண்டுமென்றால் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். பாக்கெட் சீஸ் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், அது சீராக உருக விடாது.

மேலே கருகிவிடுகிறது, உள்ளே வேகவில்லை.

மேல் சீஸைக் கடைசி 10 நிமிடத்தில் தூவுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் பிரெட்டின் நடுவில் 93 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துவிடலாம்.

சீஸ் ஸ்ட்ரா காலையில் மொறுமொறு, சாயங்காலம் நமத்துப்போகிறது!

எனக்கு மிகவும் பிடித்த பலகாரம் இது, பொறுமையாகச் செய்யுங்கள். 150 கிராம் மைதா, 75 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 100 கிராம் நன்றாக முதிர்ந்த செடார், அரை ஸ்பூன் மிளகாய்த்தூள். வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துவிட்டு, மாவு சேர்ந்து வரும் அளவுக்கு மட்டும் ஓரிரு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர் தெளியுங்கள்; தண்ணீர் கூடினால் மொறுமொறுப்பு போய்விடும். 4 மி.மீ. கனத்தில் தேய்த்து, கீற்றாக வெட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். மேல்பக்க நிறத்தை நம்பாதீர்கள், ஒன்றைப் புரட்டி அடிப்பக்கம் பொன்னிறமா என்று பாருங்கள். ஓவனை அணைத்துக் கதவை லேசாகத் திறந்து 10 நிமிடம் உள்ளேயே விடுங்கள், மிச்ச ஈரம் போய்விடும். சூடு முழுதும் ஆறாமல் டப்பாவில் போட்டால் எல்லா உழைப்பும் வீண். ஏற்கெனவே நமத்திருந்தால் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் காட்டி எடுங்கள், திரும்ப மொறுமொறுப்பாகிவிடும்.

முட்டை தடவாமல் மினுமினுப்பு வருமா?

பால் தடவுங்கள், நிறம் வரும். வெளியே எடுத்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவினால் மினுமினுப்பும் வந்துவிடும்.