புரோட்டா மாஸ்டரும் சால்னாவும்

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். கோத்தகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். செல்லைப் பற்றி நீங்கள் எழுதுவதை வகுப்பில் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போன தேர்வில் ‘ரைபோசோமின் பணி யாது?’ என்று மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. ஒரு மாணவன் எழுதியிருந்தான்: “ரைபோசோம் என்பது செல்லின் புரோட்டா மாஸ்டர். எம்.ஆர்.என்.ஏ. என்பது சால்னா.” அதற்கு மேல் ஒரு வரி இல்லை. சுழியம் போட்டேன். போட்டுவிட்டு அன்று இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. புரோட்டா மாஸ்டர் உங்கள் கட்டுரையிலிருந்து வந்தவர்தானே? ஆய்வகத்தில் இத்தனை வருடம் இருந்த நீங்கள் இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்லலாமா? சிரிப்பு மட்டும் நின்று பாடம் போய்விடுகிறதே. கோபத்தில் எழுதவில்லை சார், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை நான்கு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். குன்னூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அந்தப் பையனின் இரண்டு வரிதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புரோட்டா மாஸ்டர் என்னுடையவர், செல்லில் புரதம் செய்கிற ரைபோசோமுக்கு நான் வைத்த பெயர். ஆனால் சால்னா என்னுடையது இல்லை. என் கட்டுரையில் எங்கேயும் சால்னா கிடையாது. அதை அவனே யோசித்துச் சேர்த்திருக்கிறான். தப்பாக யோசித்தான் என்பது வேறு விஷயம். மனப்பாடம் செய்த பிள்ளை அதைச் செய்யாது.

அந்தத் தப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். சால்னா எப்போது வரும்? புரோட்டா வெந்து, பிய்த்து, இலையில் விழுந்த பிறகு. எம்.ஆர்.என்.ஏ. எப்போது வரும்? புரதம் தொடங்குவதற்கே முன்னால். செல்லின் உட்கருவில் மரபணுவிலிருந்து படியெடுத்து வெளியே அனுப்பப்படும் ஆர்டர் சீட்டு அது. சீட்டு வராமல் கல்லில் மாவு விழாது. “தம்பி, சால்னாவை எப்ப ஊத்துவாங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், எது முன், எது பின் என்பதை அவனே சொல்லியிருப்பான். மூன்று மதிப்பெண்ணில் இரண்டு அதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து மாஸ்டரிடம் வருவோம். அவருக்கும் ரைபோசோமுக்கும் பொருத்தம் எங்கே முடிகிறது? மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு கை எண்ணெய் கூட ஊற்றலாம், முட்டை போடலாம், மாவு தீர்ந்தால் கடையைச் சாத்தலாம். ரைபோசோமுக்கு அந்த உரிமை எதுவும் கிடையாது. சீட்டில் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றுக்கும் டி.ஆர்.என்.ஏ. என்ற சின்ன மூலக்கூறு, புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியாகப் போகும் உரிய அமினோ அமிலத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ரைபோசோமின் சிறிய பகுதி சீட்டைச் சரிபார்க்கிறது, பெரிய பகுதி அமிலத்தை முந்தையதோடு கோர்க்கிறது. நம் உடம்பில் நொடிக்கு 5, 6 அமினோ அமிலம் கோர்க்கப்படுகிறது. பாக்டீரியாவில் இன்னும் வேகம், 20 வரை போகும். இதைவிட எனக்கு ஆச்சரியமான சங்கதி ஒன்று உண்டு. கோர்க்கிற வேலையை உண்மையில் செய்வது புரதம் இல்லை, ரைபோசோமுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. அதாவது சீட்டு எதனால் ஆனதோ, மாஸ்டரின் கையும் அதனால்தான் ஆனது. எந்த ஊர்க் கடையிலும் காகிதத்தால் கை செய்த மாஸ்டர் இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் ஸ்டைட்ஸ், யோனாத் இருவரோடு நோபல் பரிசு பெற்றது ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

ஆக, உங்கள் குறையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நான் மாஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்தினேன், பிள்ளைகள் சிரித்ததும் கட்டுரையை முடித்துவிட்டேன். அவர் எங்கே பொருந்தாமல் போகிறார் என்பதை எழுதவில்லை. ஒப்புமையை உடைத்துக் காட்டும் இடத்தில்தான் பாடமே இருந்தது. அதற்கு முன்னால் எழுந்து போய்விட்டேன்.

வர்க்கி விஷயத்திலும் இதே தவறைச் செய்திருக்கிறேன். செல்லில் புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்பை ஊட்டி வர்க்கி என்று எழுதினேன். தட்டையான சவ்வுப் பைகள் அடுக்கடுக்காக இருப்பதால் படம் பார்த்தவுடன் வர்க்கி என்றுதான் தோன்றும். ஆனால் வர்க்கியின் அடுக்கு வெந்த பிறகு அசையாது. கோல்கையில் அடுக்கே மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு பை முதல் அடுக்காகப் பிறந்து, தன் நொதிகளை மாற்றிக்கொண்டு கடைசி அடுக்காக முதிர்கிறது. 2006-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஈஸ்ட் செல்லில் பைகளின் புரதங்களுக்கு ஒளிரும் நிறம் கொடுத்து, உயிரோடு நுண்ணோக்கியில் வைத்து, பைகள் இப்படி நிறம் மாறுவதைப் படம் பிடித்தன. கமில்லோ கோல்கி 1898-இல் பார்த்துச் சொன்ன இந்த உறுப்பு நிஜமா, சாயம் செய்த மாயமா என்று அரை நூற்றாண்டு சண்டை நடந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் ஓய்ந்தது. அவ்வளவு பெரிய கதையை ஒரு தின்பண்டத்தோடு நிறுத்தியது சரியில்லை. திருத்தி எழுதப் போகிறேன்.

மற்றப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன் டீச்சர். விளையாட்டு எங்கள் துறைக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. எட்வின் சதர்ன் என்பவர் 1975-இல் டி.என்.ஏ. துண்டுகளைக் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தார். அந்த முறைக்கும் சதர்ன் என்றே பெயர் நின்றது. சதர்ன் என்பது அவர் பெயர், திசை இல்லை. ஆர்.என்.ஏ.வுக்கு அதேபோல் ஒரு முறை வந்தபோது அதற்கு நார்தர்ன், ‘வடக்கு’ என்று வைத்தார்கள். 1981-இல் புரதத்துக்கான முறை வெஸ்டர்ன் ஆயிற்று. இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் எல்லோரும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ‘வெஸ்டர்ன் போட்டாச்சா?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். இதயமே உருவாகாத பழ ஈ ஒன்றின் மரபணுவுக்கு ‘டின்மேன்’, தகர மனிதன், என்று பெயர். ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ கதையில் இதயம் வேண்டி அலைபவன் அவன். அந்தப் பெயரைக் கேட்ட யாரும் மரபணுவின் வேலையை மறப்பதில்லை.

நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இலிருந்து வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி செய்த இடம். பழைய முறையில் ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து ஊசி மருந்து எடுத்தார்கள். பிறகு வெரோ என்ற செல்களில் வைரஸை வளர்க்கும் முறை வந்தது. அந்தச் செல்கள் 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்க்கப்பட்டவை. எஸ்பெரான்டோ மொழியில் ‘வெர்தா ரெனோ’ என்றால் பச்சைச் சிறுநீரகம், அதன் முதலும் முடிவும் சேர்ந்து ‘வெரோ’. அதே மொழியில் வெரோ என்றால் உண்மை. பெயர் வைத்தவர் அதைத் தெரிந்தேதான் வைத்தார். சிம்ஸ் பார்க் பக்கம் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். எத்தனை பேரின் உயிரைக் காத்த மருந்துக்குப் பின்னால் ஒருவர் சொல் விளையாடியிருக்கிறார்!

ஆனால் எல்லாவற்றிலும் விளையாடக் கூடாது. ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’ என்று ஒரு மரபணு. 1993-இல் வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே மரபணு மனிதரில் பழுதானால் குழந்தையின் மூளை இரண்டு பாதியாகப் பிரியாமல் போகலாம். ஒரு மருத்துவர் அந்தத் தாயின் எதிரில் உட்கார்ந்து இந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட பெயர்கள் ஈயோடு நின்றிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

எனக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இரத்தத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அரிவாள் செல் இரத்தசோகைக்காக அரிவாளையும் சினிமாவையும் வைத்து ஒரு வேடிக்கை தயாரித்துப் போயிருந்தேன். பேசுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஊரில் சுகாதாரப் பணி பார்க்கிற ஒரு அம்மா என் படங்களைப் பார்த்துவிட்டு, “சார், முன்வரிசையில உக்காந்திருக்கிற ரெண்டு பிள்ளைங்களுக்கு அந்த நோய் இருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த நோயைப் பற்றி வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தியாவில் அந்த நோயின் தடம் முதன்முதலாகப் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நம் மலைப் பழங்குடிகளிடம் அதைக் கண்டார்கள். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்காருகிறது. அவ்வளவுதான் மாற்றம். ஆக்சிஜன் இறங்கியதும் அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள நீள நாராகி, செல்லை உள்ளிருந்து வளைத்துவிடுகின்றன. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் அழிகிறது. வளைந்த செல் நுண்குழாயை அடைக்கும்போது எலும்பெல்லாம் வலி. குளிர் அந்த வலியைக் கிளப்பிவிடும், இங்கே மார்கழி எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை நேராகச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, “தண்ணி நிறையக் குடிக்கச் சொல்றாங்களே, அது எதுக்கு?” என்று கேட்டாள். உடம்பில் நீர் வற்றினால் செல்லுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கமாகிச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்றேன். தலையாட்டினாள். அன்று யாரும் சிரிக்கவில்லை, பாடம் நடந்தது. சிரிப்பு இல்லாமலும் பாடம் நடக்கும் என்று எனக்குத் தெரியும் டீச்சர். எதற்குச் சிரிப்பது என்பதை, அந்த வலி யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது முடிவு செய்கிறேன்.

தேயிலையில் அந்தச் சங்கடம் இல்லை. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது கொழுந்து பறிக்கப் போகிறவர்களாகவோ, ஃபேக்டரிக்கு இலை போடுகிறவர்களாகவோ இருப்பார்கள். செல்லை அங்கிருந்தே தொடங்கலாம். என் வகுப்பாக இருந்தால் இப்படிச் சொல்வேன். ஒரு வீட்டில் இரண்டு பங்காளிகள், நடுச்சுவர் வைத்துக் குடியிருக்கிறார்கள். ஒருவர் கேட்டகின் என்கிற துவர்ப்புப் பொருள், செல்லின் நுண்குமிழுக்குள் இருக்கிறார். இன்னொருவர் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, பசுங்கணிகத்துக்குள் இருக்கிறார். சுவர் இருக்கிறவரை இலை பச்சை. இலையை வாட்டி ரோலரில் விட்டால் சுவர் இடிகிறது. பங்காளிகள் நேருக்கு நேர். தூபம் போட ஆக்சிஜன் வெளியிலிருந்து வந்துவிடுகிறது. அந்தச் சண்டையில் பிறப்பதுதான் தியாஃபிளேவின், தியாருபிஜின். டீயின் பொன்னிறமும் சிவப்பும் அவைதான். ஃபேக்டரியில் இதை ஃபெர்மென்டிங் என்கிறார்கள், ஆனால் இதில் எந்த நுண்ணுயிரும் இல்லை. பிறகு டிரையரின் சூட்டில் நொதி செத்து, சண்டை அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது.

இங்கே உவமை எங்கே உடைகிறது என்பதையும் இந்த முறை சொல்லிவிடுகிறேன். பங்காளிச் சண்டையில் இரண்டு பேருக்கும் நஷ்டம். இலையில் கேட்டகின்தான் மாறிப்போகிறது. நொதி ஒரு மூலக்கூறை மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. நொதி என்றால் என்ன என்ற பாடம் அங்கே ஆரம்பிக்கும்.

சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. மருந்தடிக்காத தோட்டமா என்று கேட்டுக்கொண்டு, இரண்டு இலை ஒரு மொட்டாகக் கொஞ்சம் கொழுந்து கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பிடியை அப்படியே உள்ளங்கையில் சாறு வரும்வரை கசக்கி வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். இன்னொரு பிடியைக் கொதிக்கிற நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து, அதேபோல் கசக்கிப் பக்கத்தில் வையுங்கள். முதல் தட்டு மெல்லச் செம்பு நிறத்துக்கு வரும், வாசனையும் மாறும். இரண்டாவது பச்சையாகவே கிடக்கும். ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே சொல்வார்கள். எத்தனை நிமிடத்தில் நிறம் திரும்பியது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் கோத்தகிரிக் குளிருக்குக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும். கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலையைச் சால்னா எழுதிய பையனிடம் கொடுங்கள்.