பேரேட்டில் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் ‘கரடி’ குறுநாவலைப் பாதியில் வைத்துவிட்டேன். வேட்டைப் பகுதிகள் மிகவும் பிடித்திருந்தன. நான்காம் பகுதியில் யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடவில்லை. அமெரிக்கத் தெற்கின் வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் இவருக்குள் நுழைய வேண்டுமா? அப்படிப் படித்தால் கதை வாசிக்கும் இன்பம் குறைந்துவிடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் நின்ற இடம்தான் அந்தக் கதையின் உயிர்நிலை.

குடும்பப் பண்ணைக் கடையின் பழைய பேரேடுகளைக் கதாநாயகன் ஐசக் 16 வயதில் புரட்டுகிறான். யூனிஸ் என்ற அடிமைப் பெண்: 1807-இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கியது; 1832 கிறிஸ்துமஸ் அன்று ஓடையில் மூழ்கி இறப்பு. அதன் கீழே அவனுடைய தந்தையும் அவருடைய இரட்டைச் சகோதரரும் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். தானே மூழ்கினாள் என்கிறார் ஒருவர். அடிமை எங்காவது தற்கொலை செய்துகொள்வாளா என்கிறார் மற்றவர். யூனிஸின் மகள் பிள்ளை பெற்றது 1833 ஜூனில். தேதிகளைக் கூட்டிக் கழித்ததும் ஐசக்குக்கு விளங்குகிறது: அந்த மகளுக்குத் தகப்பனும், அவள் பிள்ளைக்குத் தகப்பனும் அவனுடைய தாத்தாவே.

இதைப் புரிந்துகொள்ள வரலாற்று நூல் வேண்டியதில்லை, பொறுமை போதும். ஆனால் புரிந்தபின் வரலாற்றைத் தேடாமல் என்னால் இருக்க முடியவில்லை. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் படிவம் இருந்தது. உடைமையாளரின் பெயர் அதில் இருக்கும். அடிமைக்கு வயது, பால், நிறம். பெயர் பெரும்பாலும் கிடையாது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ‘யூனிஸ்’ என்று எழுதியிருந்ததே என்னை உலுக்கிவிட்டது. சிக்கசா பழங்குடியினர், கதை நடக்கும் வட மிசிசிப்பியில் எஞ்சியிருந்த தங்கள் நிலத்தை ஒப்பந்தத்தில் இழந்ததும் அதே 1832-இல், அக்டோபரில். அவள் மூழ்கிய ஓடை யாருடைய மண்ணில் ஓடியது என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு எழுந்தது. இன்பம் எங்கே குறைந்தது?

இந்தக் கதை இடம்பெற்ற 1942-ஆம் ஆண்டு நூலை ஃபாக்னர் கரோலின் பாருக்குச் சமர்ப்பித்தார். அடிமையாகப் பிறந்து, ஃபாக்னரைச் சிறுவயதில் வளர்த்தவர் கரோலின்.

பாட்டும் கேளுங்கள். 1927 மிசிசிப்பிப் பெருவெள்ளத்தை ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் பாடியிருக்கிறார். அதே வெள்ளத்தில் ஒரு கைதி படகோடு அல்லாடுவதை ஃபாக்னர் ‘கிழவன்’ கதையில் எழுதினார். இரண்டையும் ஒரே வாரத்தில் அனுபவித்துப் பாருங்கள்.

இப்போதைக்கு நான்காம் பகுதியை மறுபடி எடுங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். வம்சாவளியைத் தாத்தாவிலிருந்து வரையாதீர்கள், யூனிஸிலிருந்து தொடங்குங்கள்.