பட்டறைச் சுவரில் கன்பூசியஸ்

கேள்வி: என் மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு வந்திருக்கிறான். 'லாபத்தைக் கண்டால் அறத்தை நினை – கன்பூசியஸ்' என்று அச்சடித்து, ஆட்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒட்டியிருக்கிறான். 2500 வருடத்துக்கு முந்தைய சீனப் பேச்சு இன்றைய வியாபாரத்துக்கு உதவுமா ஐயா?
– பெயர் வேண்டாம், பனங்காடு, சேலம்

பதில்: உதவும். ஒட்டிய இடம்தான் தப்பு. பிரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். கன்பூசியஸ் இதையெல்லாம் கூலிக்காரர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. மேலே இருப்பவன் காற்று, கீழே இருப்பவன் புல், காற்றடித்த பக்கம் புல் சாயும் என்றவர் அவர்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. "வெய் நாட்டு அரசர் ஆட்சியை உங்களிடம் கொடுத்தால் முதல் வேலை என்ன?" என்று சீடர் ஸிலூ கேட்கிறார். "பெயர்களைச் சரிசெய்வேன்" என்கிறார் குரு. இதென்ன சுற்றி வளைப்பு என்று கேட்டு ஸிலூ நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார். பெயர் சரியில்லை என்றால் பேச்சு பொருந்தாது, பேச்சு பொருந்தாவிட்டால் காரியம் நடக்காது. இதுதான் விளக்கம்.

நமக்கு இது டச் விவகாரம், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்கிற கணக்கு. தனியாகப் பட்டறை போட்ட புதிதில் வெளியூர்க் கடை ஒன்றுக்கு 4 கிலோ கொலுசு அனுப்பினேன். சீட்டில் 80 டச் என்று எழுதியிருந்தேன். அவர்கள் ஒரு ஜோடியை உருக்கிப் பார்த்துவிட்டார்கள். சரக்கு அப்படியே திரும்பி வந்தது; என் 80-ஐ அடித்துவிட்டு மேலே சிவப்பு மையில் 77. நான் திருடவில்லை சார், கம்பி இழுத்த வெள்ளி 80தான். சலங்கையும் வளையமும் பற்றவைத்த பொடியில் வெள்ளி குறைவு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கம்பியின் பெயரைக் கொலுசுக்கு வைத்துவிட்டேன், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு சரக்கிலும் முடிந்த கொலுசு ஒன்றை வெட்டி உருக்கிப் பார்த்துத்தான் சீட்டு எழுதினேன். கூலி தண்டம் என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

லாபமே பாவம் என்று கன்பூசியஸ் சொன்னதாகப் பையன் நினைத்துவிட வேண்டாம். அவருடைய சீடர் ஸிகோங் கைதேர்ந்த வியாபாரி. ஜப்பானில் ஷிபுசாவா எய்ச்சி (1840–1931) கன்பூசியஸையும் கணக்கையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு 1873-ல் வங்கி தொடங்கினார். சுமார் 500 கம்பெனிகள் உருவாகக் கைகொடுத்தார். 2024 முதல் 10,000 யென் நோட்டில் அவர் படம்தான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. முதலாளி அப்பா மாதிரி, ஆட்கள் பிள்ளைகள் மாதிரி என்ற பேச்சும் இந்த வழியில்தான் வரும். முன்பணத்தைக் கொடுத்து ஆளை நகரவிடாமல் வைத்துக்கொண்டு 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றால், அதுவும் 77-ஐ 80 என்று எழுதுகிற வேலைதான். உங்கள் முன்பண நோட்டைப் பையனிடம் கொடுத்து ஒரு நாள் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். அதுவும் கல்லாவில்தானே இருக்கும்.