கூடையைத் தூக்கிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

நான் வடசென்னையில், வியாசர்பாடியில் இருக்கிறேன். பதினோரு வருடங்களாக ஒயர் கூடை பின்னுகிறேன். போன மாதம் ஒரு கைவினைப் போட்டிக்குப் பச்சையும் மஞ்சளுமாகச் சிவன் கண் முடிச்சுப் போட்ட கூடை ஒன்று கொடுத்திருந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் பெயர், படிப்பு, முகவரி எழுதிய அட்டையை நிறுத்தியிருந்தார்கள். நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். என் அட்டையைப் படித்த ஒருவர், "வியாசர்பாடியா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். கூடையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். பரிசு கிடைக்காதது எனக்குப் பெரிதில்லை. அடுத்த முறை பெயரை மறைத்து நடத்தலாமே என்று அமைப்பாளரிடம் கேட்டேன். "பெயர் இல்லாவிட்டால் கலைஞருக்கு என்ன மரியாதை? தெரிந்த கையை எண் போட்டு மறைத்துவிட முடியுமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கூடையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

வாசகி, வியாசர்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

"தூக்கிக்கூடப் பார்க்காமல்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒயர் கூடையைத் தூக்காமல் எப்படி மதிப்பெண் போட முடியும்? அடி சமமாக உட்காருகிறதா, முடிச்சுகள் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா, மூன்று கிலோ வெங்காயத்தைப் போட்டால் கைப்பிடி வாயை இழுத்துக் கோணலாக்குமா, செருகிய ஒயர் முனை விரலில் குத்துமா? இதெல்லாம் கைக்குத்தான் தெரியும். அந்த மேசையில் படிக்க ஒரு அட்டை இருந்ததால் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அந்த நடுவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நானும் இதைச் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ராயபுரத்தில் ஒரு தெருக் கோலப்போட்டிக்கு நடுவராகப் போனேன். ஒவ்வொரு கோலத்தின் ஓரத்திலும் பெயர்ச்சீட்டு, அதன்மேல் ஒரு கல். ஒரு சீட்டில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பெயர் இருந்தது. அந்தச் சிக்குக் கோலத்துக்கு ஒன்பது போட்டேன். அடுத்ததற்கு ஏழு. இரவு வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், ஆசிரியையின் கோலத்தில் இழை ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. ஏழு வாங்கிய கோலத்தில் ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. நான் தெரிந்து பொய் மதிப்பெண் போடவில்லை. அந்த அறுந்த இழையை என் கண் பார்க்கவே இல்லை. ஏழு வாங்கிய பெண்ணின் பெயரைப் படித்த ஞாபகம்கூட எனக்கு இல்லை.

நம் பக்கத்தில் பெயரைவிட முகவரிக்குக் கனம் அதிகம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று எழுத வேண்டிய இடத்தில் நம் பிள்ளைகள் ஒரு நொடி பேனாவை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். "பெரம்பூர் பக்கம்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. பெயரோ மதத்தைச் சொல்லிவிடும், சில நேரம் சாதியையும். கூடை பின்னியவரின் படிப்பு நடுவருக்கு எதற்கு என்பது எனக்கு விளங்கவே இல்லை.

மரியாதை பற்றி அமைப்பாளர் கேட்டதற்கு வருகிறேன். செம்மண்ணில் பெய்த மழைநீரைப் போல இரண்டு நெஞ்சங்கள் கலந்தன என்று குறுந்தொகையில் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். அணிலாடு முன்றிலாரும் அப்படித் தன் வரியால் பெயர் பெற்றவர்தான். பாட்டுக்கு இடம் கிடைத்தது, பெயர் அந்தப் பாட்டிலிருந்தே பிறந்தது.

இருந்தாலும் அமைப்பாளர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெண்களின் கைவேலை எத்தனையோ தலைமுறையாகப் பெயரில்லாமலே போயிருக்கிறது. இன்னும் ஒரு முறை மறைக்கச் சொன்னால் கோபம் வரத்தான் வேண்டும். நான் மறைக்கச் சொல்வது மதிப்பெண் தாளில் கையெழுத்து விழும்வரை மட்டும். அதற்குப் பிறகு பெயரையும் ஊரையும் மேடையில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லட்டும்.

வாஷிங்டனில் வியட்நாம் போர் வீரர்களின் நினைவிடத்துக்கு 1981-இல் வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். 1,400-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. நடுவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியும். அவர்கள் தேர்ந்தெடுத்தது 1026. யார் என்று பார்த்தால் 21 வயதுக் கல்லூரி மாணவி மாயா லின், சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். பெயர் தெரிந்ததும் அவர் இனத்தைச் சொல்லியே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அதற்குள் நடுவர்களின் முடிவு எழுதப்பட்டுவிட்டது. எண்ணாக உள்ளே போன அந்த வடிவம் 1982-இல் கருங்கல் சுவராக எழுந்தது. இன்று அதில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

தெரிந்த கையை மறைக்க முடியாது என்பது உண்மைதான். கொசப்பேட்டையில் மண்பொம்மையின் கண்ணை எழுதிய விதத்தைப் பார்த்தே யார் வீட்டுப் பொம்மை என்று சொல்லும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் நடுவராக உட்கார்ந்தால், "இந்தக் கை எனக்குத் தெரியும்" என்று சொல்லி அந்த ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் விலகிக்கொள்ளட்டும். ஒரு கையை மறைக்க முடியவில்லை என்பதற்காக மற்ற நாற்பது பேரின் முகவரியை ஏன் நிறுத்திவைக்க வேண்டும்? கல்லூரித் தேர்வுத்தாளுக்கே மாணவரின் பதிவெண்ணை மறைத்து, டம்மி எண் போட்டுத் திருத்துகிற ஊர் இது. எண்ணும் பெயரும் உள்ள பட்டியல் நடுவர் அல்லாத ஒருவரிடம் இருந்தால் போதும். நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கோலம் என்றால் சீட்டு எடுத்து இடம் கொடுத்து, சாக்பீஸில் எண் எழுதி, போட்டவர்களைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு நடுவரை அழைக்கலாம். முடிவு வரும்வரை யாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் வைக்கக் கூடாது.

அந்த அமைப்பிலிருந்தே தை மாதப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அட்டைகளை எடுத்தால்தான் வருவேன் என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். அதனால் நீங்கள் இணைத்த படத்தைத் திறக்காமல் அழித்துவிட்டேன், மன்னியுங்கள். பச்சை மஞ்சள் சிவன் கண் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். தை மாதத்துக்கு வேறு நிறத்தில், வேறு முடிச்சில் பின்னுங்கள். என்ன நிறம் என்று எனக்குச் சொல்லாதீர்கள். அன்று மேசையில் இருக்கும் எல்லாக் கூடைகளையும் நான் தூக்கிப் பார்ப்பேன்.