எட்டு த்ரெட், ஒரு சிஎஸ்வி

வணக்கம் அண்ணா,

நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு அறை பதியும் மென்பொருளைத் திருகோணமலையில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். ஜாவா. எட்டு த்ரெட்டுகளும் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) தங்கள் தேடல் எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று ஒரே சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எழுதுகின்றன. அப்பெண்ட் முறையில் திறந்தும், சீசன் நாட்களில் வரிகள் ஒட்டிப்போகின்றன. சிங்க்ரனைஸ்ட் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் எழுதவிடும் பூட்டு) போட்டு வரிக்கு வரி ஃப்ளஷ் செய்தேன், அதாவது உடனுக்குடன் கோப்பில் இறக்கினேன். கலப்பு நின்றது, தேடல் மந்தமாகிவிட்டது. வேறு வழி உண்டா?

— உப்புவெளி வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய துண்டிலேயே காரணம் தெரிகிறது:

10:02:11,தேடல்,310:02:11,பதிவு,84
12

ஒரு த்ரெட் எழுத வந்தது 312. பஃபர்ட்ரைட்டர் எழுதுவதைப் பஃபர் என்ற தற்காலிக நினைவில் சேர்த்து வைத்து, வழக்கமாக 8192 எழுத்து சேர்ந்ததும் கோப்பில் இறக்கிவிடும். வரி முடிந்ததா என்று பார்க்காது. 3 எழுதியதோடு பஃபர் நிரம்பிவிட்டது. மிச்சம் 12 இறங்குவதற்குள் இன்னொரு த்ரெட்டின் பஃபர் நடுவில் புகுந்தது. அப்பெண்ட் என்பது 'கடைசியில் சேர்' என்பது மட்டுமே. வரியை உடைக்காமல் சேர்க்க அதற்குத் தெரியாது.

சிங்க்ரனைஸ்ட் கலப்பை நிறுத்தும், சரி. ஆனால் ஒருவர் டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை மற்ற ஏழு பேரும் நிற்கிறார்கள். விருந்தாளி அறை தேடும் நேரத்தில் அளவெடுக்கிற வேலையும் சேர்ந்துவிடுகிறது. அளக்கப் போய் அளக்கும் பொருளையே மாற்றுகிறோம். எனக்கு இது வரி ஒட்டுவதைவிட மோசம்.

கோப்பை ஒரே ஒரு த்ரெட் தொடட்டும். மற்றவை அளவை ஒரு அர்ரேபிளாக்கிங்கியூவில் (அந்த த்ரெட் எடுத்து எழுதுவதற்கான, இடம் வரையறுத்த வரிசை) போட்டுவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பட்டும். போடும்போது 'புட்' வேண்டாம், கியூ நிரம்பினால் அது காத்து நிற்கும். 'ஆஃபர்' போடுங்கள், இடமில்லை என்றால் உடனே ஃபால்ஸ் சொல்லிவிடும். அப்படித் தவறியவற்றை ஒரு லாங்ஆடரில் (பல த்ரெட்டுகள் சேர்ந்து கூட்டக்கூடிய எண்ணி) எண்ணி, அந்த எண்ணையும் கோப்பில் ஒரு நெடுவரிசையாக எழுதுங்கள். எத்தனை போனது என்று தெரியாத அளவீட்டை நான் நம்பமாட்டேன். நேர வித்தியாசத்துக்கு ஜாவாவின் கழிந்த நேரம் அளக்கும் நானோடைம்தான்; சுவர்க்கடிகார நேரம் இடையில் திருத்தப்படலாம்.

அப்புறம், ஒவ்வொரு தேடலையும் எழுதத்தான் வேண்டுமா? செக்கனுக்கு 20 வரி என்றால் எக்ஸெல்லின் 10,48,576 வரி எல்லை பதினைந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு வரி போதும்: எண்ணிக்கை, 95ஆம் சதமானம் (நூற்றுக்கு 95 தேடல்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பது), உச்சம். சராசரியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு செக்கன் காத்திருந்த ஆள் அதில் காணாமல் போய்விடுவார்.

முதலாளி கோப்பை எக்ஸெல்லில் திறந்து வைத்துக்கொண்டால் விண்டோஸ் உங்கள் நிரலை எழுதவிடாது. தினம் புதுக் கோப்பு தொடங்கி, முந்தின நாளுடையதை அவருக்குக் கொடுங்கள். தமிழ்த் தலைப்புகள் சிதைந்து தெரிந்தால் யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் (எழுத்துக் குறிமுறை எது என்று எக்ஸெல்லுக்குச் சொல்லும் குறி) சேர்க்க வேண்டும்.

சேவையகத்தை நிறுத்தும்போது கியூவில் மிச்சம் இருப்பதை எழுதி முடித்த பிறகே கோப்பை மூடுங்கள். இல்லாவிட்டால் நிறுத்துவதற்குச் சற்று முன் எடுத்த அளவுகள் கோப்புக்கு வராது. சேவையகம் திணறியதால் நிறுத்தினீர்கள் என்றால், முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.