கவண் கல்

வணக்கம் அண்ணே,

எனக்கு ஊர் தொண்டி. ராமநாதபுரத்தில் செல்போன் கடையில் வேலை. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து உங்கள் நாடகம் பார்த்திருக்கிறேன். இப்போது சினிமாவில் கதாநாயகிக்கு அப்பாவாகப் பார்க்கிறேன். நீங்கள் நடிகரா, இசைக்காரரா, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும்? குரலுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? மேடை பயம் உண்டா? நானும் பாடுவேன், நடிப்பேன். தினமும் ராத்திரி மொட்டைமாடியில் போனில் சுருதி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறேன். யார் தொந்தரவும் இல்லாமல் இருந்தால்தான் எனக்கு வரும். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகலாமா? கமல் சாரும் நம்ம மாவட்டம்தானே. வீடியோ ஒன்று அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

தம்பி,

என் கடைசி மகளைவிடச் சின்னவன் நீ. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது ஆர்மோனியப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கடலோரத்தில் பெட்டி வைத்திருக்கிறவனுக்கு வருஷா வருஷம் உள்ள வேலை இது. உப்புக்காற்றில் பித்தளை ரீடு பச்சை பிடித்துவிடும். ஒன்று ஊமையாகும், இன்னொன்று தொடாமலே கத்தும். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, ஊதிக் கேட்டு வைத்துக்கொண்டிருந்தவனுக்கு, 'யார் தொந்தரவும் இல்லாமல் இருந்தால்தான் எனக்கு வரும்' என்ற உன் வரியில் கை நின்றுபோனது. போன வாரம் படப்பிடிப்பிலிருந்து திரும்பியதிலிருந்து அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சில்லறையைக் கொடுத்துவிடுகிறேன். குரலுக்கு மிளகு, பனங்கற்கண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். நாலு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்றுவிட்டு மேடையேறி, விடியவிடியப் பாடிய ராஜபார்ட்டை, அதாவது நாடகக் கதாநாயகனை, எனக்குத் தெரியும். நன்றாகத் தூங்கு, போதும். மேடை பயம் உண்டு. இன்னும் போகவில்லை.

நடிகரா இசைக்காரரா என்பது சினிமா வந்த பிறகு முளைத்த கேள்வி. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி ஆளுக்கும் கேட்கப் பாடியவர் அவர். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் ஒரே மேடையில் நின்றபோது எது பாட்டு, எது நடிப்பு என்று பிரித்து யார் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்?

பரமக்குடிக்காரரைப் பற்றிச் சொன்னாய். அவர் பிறந்த ஊரை மட்டும் பிடித்துக்கொண்டாயே! 1960-இல் குழந்தையாகப் படத்துக்கு வந்துவிட்டு, பிறகு டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் போய்க் கற்றுக்கொண்டவர் அவர். அந்தச் சண்முகம் யாரிடம் கற்றார்? 1918-இல் ஆறு வயதுப் பையனாக, சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில், சிறுவர்களே நடிக்கிற நாடகக் குழு அது. யாரும் மொட்டைமாடியில் தனியாக நின்று கற்றதாகத் தெரியவில்லை.

சுவாமிகள் 1922-இல் காலமாகிவிட்டார். அவர் எழுதிய வள்ளி திருமணம் இன்றைக்கும் நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது தெரியுமா? ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து பஸ் பிடித்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, சிரிக்கவைக்கிற பபூன் மானாமதுரையிலிருந்து. ராத்திரி பத்து மணிக்கு ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதன் பிறகு நாரதரும் வள்ளியும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்வார்கள், பாட்டாகவும் வசனமாகவும். எதிராளி என்ன கேட்பான் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கேட்டால்தான் பதில். கேட்காதவன் கதி என்ன ஆகும் என்பதை என் தோலை வைத்தே சொல்கிறேன்.

எனக்கு அப்போது 24 வயது. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊர், மாசி மாதம். தென்கடல் மேடைக்குப் பின்னாலேயே கிடந்தது. நள்ளிரவு தாண்டியதும் ஈரம் இறங்கி மிருதங்கத் தோல் தொய்ந்துவிட்டது. மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டி வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் பெட்டி, பின்பாட்டும் நானே. புதுப் பெட்டி வேறு. விரல் பறக்கிற வயசு.

அன்றைக்கு வள்ளியாக வந்த அக்காவுக்குத் தொடர்ந்து மூன்றாவது ராத்திரி அது. தொண்டை கட்டியிருந்தது. பரண்மேல் நின்று, தினைப்புனத்தில் குருவி விரட்டுகிற ஆலோலம் பாடும்போது, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் எடுத்தவர் மெல்ல ஐந்துக்கு இறங்கிவிட்டார். கூட நிற்கிறவன் என்ன செய்ய வேண்டும்? கட்டையை மாற்ற வேண்டும். இல்லையென்றால் கையையாவது எடுக்க வேண்டும். நான் பழைய கட்டையிலேயே பிருகாவாக, வேக வேகமாகச் சுரங்களை, உருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பாட்டை நிறுத்தினார். கவணைக் கையில் எடுத்தார்.

'அடி தோழி, கிளி குருவியெல்லாம் நான் ஆலோலம்னதும் பறந்துபோயிருது. அங்கிட்டுப் பாரு, அந்தப் பெட்டிக்குள்ள ஒரு குருவி. நான் போடுற சத்தம் காதுல விழாம தன்பாட்டுக்குக் கத்திக்கிட்டே கெடக்கு. இதுக்கு எந்தக் கல்லை எடுக்க?'

ஊர் மொத்தமும் சிரித்தது. முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த பொடிசுகள் என்னைப் பார்த்து 'ஆலோலம்' என்று கத்தின. மிருதங்கக்காரரும் சிரித்தார், அந்த மனுஷன் என் சொந்தக்காரர்.

விடிந்ததும் அக்காவே டீ வாங்கிக் கொடுத்தார். 'அப்பு, அந்தப் பாட்டுல நான் எங்கெங்க மூச்சு வாங்குனேன், சொல்லு பாப்போம்' என்றார். ஒன்றுகூடச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. 'நான் சொல்லட்டா? ரெண்டாவது சரணத்துல நீ மூச்சே விடல. செவப்புச் சீலைக்காரி ஒருத்தி முன்னால உக்காந்திருந்தா. அவ உன் விரலைப் பாக்குறாளான்னு பாத்துக்கிட்டிருந்த.' தொண்டை கட்டி, சுருதி இறங்கி, பரண்மேல் நின்று பாடிக்கொண்டிருந்தவர், தம்பி, கீழே பெட்டிக்காரன் மூச்சு விட்டானா இல்லையா என்றும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

ஆர்மோனியத்தை 1940-இல் வானொலிக்காரர்கள் ஒதுக்கிவைத்தார்கள். 1971 வரை அந்தத் தடை இருந்தது. அவர்கள் சொன்ன குறை பொய்யில்லை. விரல் அழுத்துகிற இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கிற சுரம் பெட்டியில் வராது. கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுகையில், குரல் அந்த இடுக்கில் போய் அசையும்போது பெட்டிக்காரன் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இடம் வருகிறது என்று தெரிய, பாடுகிறவரை மூச்சுக்கு மூச்சு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது படிய ஏழெட்டு வருஷம் ஆயிற்று. உன் போன் சுருதி இருக்கிறதே, அது உனக்காக ஒருநாளும் கையை எடுக்காது. நீ இறங்கினாலும் ஏறினாலும் அதற்கு ஒன்றுதான்.

தனியாகச் சாதகம் செய்யாமல் எப்படி என்று கேட்பாய். செய், யார் வேண்டாம் என்றது? விடியற்காலையில் ஒரு மணி நேரம் செய்துவிட்டு மனுஷர்கள் இருக்கிற இடத்துக்குப் போ. தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறாயா? இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள், வலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பாப் பாட்டு. முன்னால் பாடுகிறவர் கயிறு கனப்பதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டே பாட்டை இழுப்பார், முடுக்குவார். மீன் சேருகிற வலையின் மடி கரைக்குப் பக்கத்தில் வர வர, கடல் கொடுக்கிற கனத்துக்குத் தகுந்தபடி அடி மாறும். அவர் குரல் உன் குரலில் பாதி இருக்காது.

போன வாரக் கதை இதுதான். மகள் ஓடிப்போன அப்பாவாக நான் அழ வேண்டும், முகம் மட்டும் குளோசப். மகளாக நடிக்கிற பெண்ணின் பாகம் முன்பே எடுத்தாகிவிட்டது, அவர் கிளம்பிப் போய்விட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒரு பையன் நின்றுகொண்டு, 'அப்பா என்னை மன்னிச்சிருங்க' என்று ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிறமாதிரி வாசித்தான். எட்டு டேக். கடைசியில் கிளிசரின் போட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னமும் இருக்கிறது.

இப்போது உன் வீடியோ. குரல் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். முகமும் படிகிறது. ஆனால் நாலு நிமிஷமும் உன் கண் திரையில் தெரிகிற உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது நிமிஷத்தில் கீழேயிருந்து ஒரு குரல், 'தம்பி, சோறு ஆறுது வாய்யா.' திரும்ப ஒரு தடவை. மூன்றாவது தடவை பாதியிலேயே விட்டுவிட்டார்கள், களைத்துப்போன குரல். உன் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. நீ அழுது நடிக்கிற காட்சியாம் அது! யாருக்காக அழுதாய், மடையா? ரீடு எல்லாம் மாட்டி முடித்ததும் அந்தக் குரலைப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். உன் அம்மா கூப்பிட்டது உன் சுருதிக்குச் சரியாகப் பஞ்சமம், உன் 'ச'வோடு இசைந்து நிற்கிற 'ப'.

இன்னும் என்னவோ கேட்டிருந்தாய். வேலை, ஆமாம்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நாளில் ஊரில் ஆள் இருக்கும், திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வாங்குகிற வரிப்பணமும் கூடும், நாடகம் வைப்பார்கள். வைகாசியில் மண்டபம் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்கு வள்ளி திருமணம் இருக்கிறது. பெட்டி நான்தான். கடையில் ஒருநாள் லீவு போட்டால் போதும், வேலையை விட வேண்டியதில்லை. மேடையில் என் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன். பாடக் கூடாது, ஜால்ராகூடக் கையில் தரமாட்டேன். விடிந்ததும் வள்ளி எங்கெங்கே மூச்சு வாங்கினாள் என்று கேட்பேன்.

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வா. ராத்திரி கடல்காற்று அடிக்கும், துண்டு ஒன்று எடுத்துக்கொள். தலையில் கட்டினால் காதை விட்டுக் கட்டு.