ஏற்றத்தில் சீஸ் ஆன ஆர்எக்ஸ் 100: விற்க வேண்டாம்

சகோ, யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் உப்பிய ரேஸ் சைலன்சர்) மாட்டினேன், ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் பிஸ்டன் சீஸ் ஆகி (சூட்டில் சிலிண்டரோடு இறுகி) நின்றுவிட்டது, விற்றுவிட்டு ஆர்எக்ஸ் 135 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். 98 சிசிக்கும் 132 சிசிக்கும் இழுவையில் வித்தியாசம் உண்டுதான், ஆனால் அதே சேம்பரை அதே பழைய ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) போட்டால் பெட்ரோல் போதாமல் 135-உம் இதே மாதிரிதான் நிற்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், பனைவெல்ல நிறம் வரும்வரை மெயின் ஜெட்டை ஒவ்வொரு சைஸாக ஏற்றுங்கள். அதற்கு முன்னால் கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள், எனக்கு அங்கே மயிரிழை வெடிப்பு இருந்தது, அதைக் கவனிக்காமல் இரண்டு பிஸ்டனைத் தின்றுவிட்டேன்!

சிலிண்டரைப் போர் அடித்து (உள்சுவரைக் கடைந்து) புது பிஸ்டன் போட்டதும் முதல் 500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். ஏற்றத்தில் ஏற, இன்ஜின் பக்கம் இருக்கும் முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்தாலே நல்ல இழுவை கிடைக்கும், பாலாற்று மணலில் ஓட்டவும் அதுவே போதும். அப்புறம், ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டுகிறீர்கள் என்றால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியே வராதீர்கள், பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும், நடுநடுவே கொஞ்சம் முறுக்கிவிடுங்கள்.